தம்பியின் தலைக்குப் பின்னால்

தறி ஷெட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். காது கேட்காத ஒருத்திக்கு ரேடியோ என்று பேர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. வைத்தவர் குசும்பு பிடித்தவர் என்பது மட்டும் நிச்சயம். ஆனால் பேர் பொய்யில்லை. ஷெட்டுக்குள் எந்தச் சேதி நுழைந்தாலும் முதலில் அவள் கண்ணில் பட்டு, பிறகு அவள் வாய் வழியாகத்தான் மற்ற வரிசைகளுக்குப் போகும்.

வரிசை வரிசையாகத் தறி ஓடுகிற கொட்டகையில் காது உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றுதான். யாரும் கத்தமாட்டார்கள். கத்தினாலும் பிரயோசனமில்லை. சத்தமே இல்லாமல் உதட்டைக் குவித்து, விரித்து, வாயாலேயே பேசிக்கொள்வார்கள். இந்த மூலையில் நிற்பவள் அந்த மூலையில் நிற்பவளிடம் முதல்நாள் வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போனதைச் சொல்வாள். அவள் அங்கிருந்தே வைத்தியம் சொல்வாள். அரைப்பாவாடை வயசில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு இந்தப் பேச்சு முதலில் வந்தது, காது பிறகுதான் போனது. கரை மண் சரிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், போனதே தெரியவில்லை. தம்பி ஒரு தடவை காதில் வைக்கிற மிஷின் வாங்கித் தந்தான். அது தட்டு விழுகிற சத்தத்தை இடியாக்கியது, பேச்சை மட்டும் பேச்சாக்கவில்லை. பீரோவுக்குள் போட்டுவிட்டாள்.

வீட்டில் அவள் அக்கா. ஒரே ஒரு தம்பிக்கு அக்கா. தெருவில் பாதிப் பேருக்கும் அக்காதான் என்பதால் நாமும் அப்படியே சொல்வோம்.

அம்மா போன பிறகு தம்பியைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் அவள்தான். அவன் பஸ் ஓட்டுகிறான். சமையலறையில் ஒரு சின்ன மேசை. சுவரோரம் அவன், எதிரே அக்கா. அங்கேதான் சோறு, டீ, சண்டை, சமாதானம் எல்லாம். உதடு பார்த்து வாசிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். பாப்பா என்றாலும் மாமா என்றாலும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் மாமாவைச் சொல்லும்போது தம்பியின் முகம் ஒரு மாதிரி இருக்கும், பாப்பாவைச் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கும். அது போதும் அவளுக்கு.

தம்பிக்குக் கல்யாணமாகி, செருப்புக் கடையில் வேலை பார்த்த பெண் வீட்டுக்கு வந்தாள். வாயாடி. அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். பெரிய வாய், தெளிவான உதடு. “உன் பேச்சு கொட்டை எழுத்துல அச்சடிச்ச மாதிரி இருக்கு கண்ணு” என்பாள். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது தடவை தங்கியபோது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையில் கட்டில் போட்டார்கள். நாளெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளின் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, தம்பி ஒரு பெரிய டிவியை வாங்கிவந்து கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினான்.

அவள் மட்டும் தனியாகச் சாப்பிடுவாளா? சாப்பாடும் முன்னறைக்கு மாறியது. கட்டிலில் அவள், கட்டிலை ஒட்டி நாற்காலியில் அக்கா, இருவருக்கும் எதிரே டிவிக்கு முதுகு காட்டிக்கொண்டு தம்பி. அவன் தலைக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டே இருக்கும்.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் அது கோளாறு என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தம்பி, “மாமா வராரு” என்றான், தன் மாமனாரைச் சொல்லி. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அடுப்பில் வெந்நீர் வைத்து, ஆஸ்பத்திரிக்கு என்று கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“எங்கக்கா கிளம்பிட்ட?”

“பாப்பா வருதுன்னியே!”

“பாப்பா வர இன்னும் மாசக்கணக்கு இருக்கு. வர்றது அவங்க அப்பா. அவருக்கு எதுக்கு வெந்நீர்?”

தம்பி பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

அடுத்தடுத்து நடந்தவற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தாதே, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி மருந்துக் கடைக்குப் போனான். அக்கா தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே துணி மடிக்கப் போய்விட்டாள். அவன் மழையில் நின்று தட்டு தட்டென்று தட்டினான். கட்டிலில் கிடந்தவள் அண்ணி அண்ணி என்று கத்தினாள். யார் கத்தி யாருக்குக் கேட்க? இன்னொரு நாள் பாலை இறக்கச் சொன்னதற்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். பாத்திரம் கருகிப் புகை வந்த பிறகுதான் எழுந்தாள்.

“என்னக்கா, எத்தனை தடவை சொல்றது?” என்றான் தம்பி. அந்தச் சலிப்பு மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. சலிப்பை வாசிக்க உதடு தேவையில்லை.

அதன் பிறகு அவள் திருப்பிக் கேட்பதை விட்டுவிட்டாள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினாள். தலையாட்டினால் பேச்சு முடிந்துவிடுகிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஷெட்டுக்குப் போனால் அவள் பழைய அவள்தான். நான்கு தறிகளுக்கு நடுவில் நிற்பாள். ஆயிரக்கணக்கான பாவு நூலில் ஒன்று அறுந்து தொங்கினால், துணியில் கோடு விழுமுன் கை போய்த் தறியை நிறுத்திவிடும். பஞ்சுத்தூசு மூக்கில் ஏறி, முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கோடி வரிசையில் இருவர் யாரைப் பற்றிப் புரளி பேசுகிறார்கள் என்பதையும் வாசித்துவிடுவாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியை வாசிக்க முடியாது.

அதுதான் அவளைத் தின்றது. கண் கெட்டுப்போனால் ஷெட்டிலும் கெட்டிருக்க வேண்டுமே. மூளை கெட்டுப்போனால் அங்கும் கெட்டிருக்க வேண்டுமே. வீட்டில் மட்டும் ஏன்? யோசித்து யோசித்து அவளுக்கு ஒரு பதில்தான் கிடைத்தது. மனசில்தான் ஏதோ கள்ளம் இருக்கிறது. தம்பிக்கென்று ஒரு குழந்தை வருவதில் எனக்குப் பொறாமையா? அந்தப் பெண் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பதும், நான் ஷெட்டிலிருந்து வந்து பாத்திரம் தேய்ப்பதும் எனக்குக் கசக்கிறதா? அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதற்குத்தானே கள்ளம் என்று பேர்.

விசித்திரம் என்னவென்றால், கட்டிலில் கிடந்தவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். “அண்ணிக்கு என்னைப் பிடிக்கலை. நீங்க பேசறப்பகூட வேற எங்கயோ பாக்கறாங்க. நான் பேசறப்ப பாக்கறதே இல்லை” என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். தான் டிவியைப் பார்த்தபடியே பேசுவதும், அக்கா பக்கம் தெரிவது தன் பாதிக் கன்னம்தான் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

பிரசவம் நெருங்கியது. தம்பி ஒரு சாயங்காலம் சாப்பாட்டில் நிதானமாக, நிறைய நேரம் பேசினான். அக்கா அவன் வாயையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க வாய் நழுவிக்கொண்டே போனது. அம்மா என்று ஒரு சொல் கிடைத்தது. பிறகு வீடு. பிறகு கொஞ்ச நாள். நடுவில் என்னவென்று தெரியவில்லை.

“என்னக்கா, சரிதானே?”

தலையாட்டினாள். தம்பியின் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஷெட்டிலிருந்து திரும்பியபோது அவள் அறையில் கட்டில் இல்லை. டிரங்குப் பெட்டி இல்லை. கொடியில் அவள் துணி இல்லை. தம்பி வாசலில் காத்துக்கொண்டிருந்தான். “வாக்கா, காட்டறேன்” என்று முன்னால் நடந்தான். தெருக்கோடியில் தையல் கடைக்கு மேலே ஒரு ரூம். வெள்ளையடித்த சுவர், ஒரு ஜன்னல், அவளுடைய கட்டில், அவளுடைய பெட்டி.

“நல்லாருக்கா?”

“இருக்கு” என்றாள் அக்கா.

அவன் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கால் செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்த வெறுஞ்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பக்கத்து வரிசைத் தறிக்காரி விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். அவளை நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், அதைவிட நீளமான நாக்கு. இரண்டு தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வாயாலேயே பேசிக்கொண்டார்கள்.

“அனுப்பிட்டானா? வளத்த கடா மார்ல பாஞ்ச கதையால்ல இருக்கு!”

“அப்படியெல்லாம் சொல்லாதே.”

“பின்ன எப்படிச் சொல்றது? ஏன்டா என்னை அனுப்பறன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“கேட்டா என்ன சொல்லப்போறான்? புள்ளை பொறக்கப்போற வீட்டுல பால் பாத்திரத்தைக் கருக்கறவளை வெச்சுக்க முடியுமா?”

“உனக்கா கருகுது? இங்க ஒத்தை இழை அறுந்தா ஓடி வர்ற!”

“அதான் எனக்கும் தெரியலை” என்று அக்கா திரும்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிவிட்டால் ஷெட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

தம்பி தினமும் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போனான். பெரும்பாலும் அவள் ஷெட்டில் இருக்கும் நேரம். தையல்காரர் வாங்கி வைப்பார். ஒரு லீவு நாளில், மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம், அவனே சோற்றுப் பாத்திரத்தோடு படியேறி வந்தான். அக்கா துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். சோறும் முட்டையும் கீரையும்.

“நீயா சமைச்ச?”

“அவங்க அம்மா. வந்து நாலு நாளாச்சு. கீரையை மண்ணோட ஆக்கிட்டாங்க, பாத்துச் சாப்பிடு.”

“மழை விடாது போலிருக்கே.”

“எங்க விடுது? டிப்போ வாசல்ல முழங்கால் தண்ணி. நேத்து ஒரு வண்டி நடுவுல நின்னுடுச்சு. பாசஞ்சர் எல்லாம் இறங்கித் தள்றாங்க. டிரைவர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, ‘நல்லாத் தள்ளுங்க, இல்லாட்டி டிக்கெட் காசைத் திருப்பித் தரமாட்டேன்’ங்கறான்.”

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள். “தள்ளினவங்க என்ன சொன்னாங்க?”

“ஒரு கிழவர் சொன்னார், ‘தம்பி, நீ இறங்கித் தள்ளு, நான் வேணா ஸ்டீரிங்கைப் பிடிக்கறேன்’னு.”

“சரியான ஆளு” என்று அக்கா மறுபடி சிரித்தாள்.

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

“அக்கா.”

“என்னடா?”

“நான் சொன்னது அத்தனையும் புரிஞ்சுதா உனக்கு?”

“ஏன் புரியாம? நீ என்ன வேத்து பாஷையா பேசின?”

“அப்ப வீட்டுல மட்டும் ஏன்க்கா?”

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்தது போதும் என்று தெரிந்தும் பிசைந்தாள். “வீட்டுலதான்டா எனக்கு என்னமோ ஆகுது. உன் வாயைப் பாத்தா நிக்கவே மாட்டேங்குது. மனசுல ஏதோ கள்ளம் இருக்கும்போல. உன் புள்ளைமேல, அவமேல. எனக்கே தெரியாம. அதனாலதான் நீ அனுப்பினப்ப நான் ஒண்ணும் சொல்லலை. நீ செஞ்சது சரிதான்.”

“அனுப்பினேனா?” தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். “நான் எங்க அனுப்பினேன்? அவங்க அம்மா வந்து போற வரைக்கும் கொஞ்ச நாள் இங்க இருந்துக்கிறியான்னு கேட்டேன். படுக்க இடம் பத்தாது, உனக்கும் காலைல ஷெட்டுக்குப் போகணும், தூக்கம் கெடும்னு சொன்னேன். இஷ்டமில்லேன்னா சொல்லு, வேற வழி பாக்கறேன்னும் சொன்னேன். நீதான் சரின்ன.”

“எப்ப?”

“அன்னைக்கு. சாப்பிடறப்ப.”

“அன்னைக்கு நீ பேசினது எனக்குத் தெரியவே தெரியாதுடா. சும்மா தலையாட்டினேன்.”

“தெரியாமயா தலையாட்டின? ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாமே!”

“கேட்டா நீ மூஞ்சியைச் சுளிப்ப.”

தம்பி ஈரத் துண்டை மடித்துக் கீழே வைத்தான். ஜன்னல் கம்பியில் மழை தெறித்துக்கொண்டிருந்தது. மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான்.

“சரி, அன்னைக்கு ஏதாவது ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?”

அக்கா யோசித்தாள். “ஒரு பொண்ணு. பச்சைச் சட்டை போட்டிருந்தா. ‘என்னை விட்டுட்டுப் போகாதே, போகாதே’ன்னு அழுதா. அது நல்லா ஞாபகம் இருக்கு.”

“யாரு அது? நம்ம வீட்டுலயா?”

“டிவியிலடா. உன் தலைக்குப் பின்னாடி.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் அக்காவுக்கே தான் சொன்னது உறைத்தது.

“அவ உதட்டைப் படிச்சிருக்க” என்றான் தம்பி.

“எவ்வளவு பெரிய உதடுடா அது! உன் தலையளவுக்கு இருக்கு. எங்க உதடு அசைஞ்சாலும் கண்ணு அங்க ஓடிடும் எனக்கு. அதைப் பழக்கித்தானே நான் இத்தனை வருஷம் பேசறேன்.” அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது, அது அவளுக்குத் தெரியாது. கீழே தையல் மிஷின் நின்றுவிட்டது. “உன்னைத்தான்டா பாத்தேன். கண்ணை உன் வாயில கட்டி வெச்சேன். கட்டக் கட்ட அவுத்துக்கிட்டு ஓடுது.”

“ஆனா ஷெட்டுலயும்தான் அத்தனை ஆடுது, ஓடுது. அங்க எப்படி?”

“தறியில குறுக்க ஓடற நாடா போனா திரும்பி வரும். வந்தா போகும். அது அடுத்து என்ன செய்யும்னு கண்ணுக்குத் தெரியும், அதனால கண்டுக்கறதில்லை. இந்த டிவி என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்? வெள்ளையா இருக்கு, பொசுக்குன்னு செவப்பாகுது. ஒருத்தன் ஓடறான், அடுத்த நிமிஷம் ஒரு பாட்டில் பறக்குது.”

தம்பி எழுந்து நின்றான். “சாப்பிட்டு முடி. வீட்டுக்குப் போலாம்.”

“மழையா இருக்கே.”

“இருக்கட்டும்.”

நனைந்துகொண்டே போனார்கள். கட்டிலில் கிடந்தவளும் அவள் அம்மாவும் இவர்கள் வந்த கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். தம்பி எதுவும் விளக்காமல் அக்காவை அவள் நாற்காலியில் உட்கார வைத்து, டிவியை அணைத்துவிட்டு அதற்கு முன்னால் நின்றான். “மாடு மாடியேறிப் பாட்டு பாடுச்சு” என்றான்.

“மாடு மாடியேறிப் பாட்டு பாடுச்சு” என்றாள் அக்கா. “யாரு வீட்டு மாடு?”

பிறகு டிவியைப் போட்டான். மறுபடி ஏதோ சொன்னான். அக்கா முகம் இறுகியது. அவள் கண் அவன் வாய்க்கு வந்தது, அவன் தோளுக்கு மேலே ஓடியது, இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள், மறுபடி ஓடியது. கட்டிலில் கிடந்தவள் இதுவரை அந்தக் கண்ணை இப்படிப் பக்கத்திலிருந்து கவனித்ததே இல்லை. பிடிக்காதவள் பார்வை இல்லை அது. கூட்டத்தில் கைக்குழந்தையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவளின் பார்வை.

“அணைங்க” என்றாள் புருஷனிடம். அணைத்ததும், முழுசாகத் திரும்பிப் படுத்து, அக்காவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். “அப்ப உங்களுக்கு என்மேல கோவம் இல்லையா அண்ணி?”

“எனக்கு இல்லை. உனக்கு இருந்துச்சா?”

“இருந்துச்சு” என்று அழுதாள் அவள். “நிறைய இருந்துச்சு.”

“போகட்டும் விடு. நானும் உன்னைப் பத்தி நல்லதா நினைச்சுக்கலை” என்றாள் அக்கா. அது முழு உண்மை இல்லை. ஆனால் கணக்கைச் சமன்செய்துவிட்டால் அழுகை சீக்கிரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் தம்பி டிவியைக் கழற்றி, அக்காவின் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டினான். கட்டிலையும் திருப்பிப் போட்டான். அன்று சாயங்காலம் அக்கா சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாள். எதிரே இருந்த மூவரின் உதடும் பளிச்சென்று தெரிந்தது. கஷ்டம் வேறு மாதிரி வந்தது.

“அக்கா, நாளைக்கு ஷெட்டுக்குப் போறப்ப...” என்று ஆரம்பித்த தம்பி அங்கேயே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. கண் அக்காவின் காதுக்கு மேலே எங்கேயோ இருந்தது.

“போறப்ப?”

“ம்?”

“போறப்ப என்னடா?”

“என்ன போறப்ப?”

அவன் மாமியார் சோற்றுக் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அக்காவின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா, குழந்தை பிறந்த பிறகு என்ன செய்யலாம் என்று தான் யோசித்து வைத்ததைச் சொன்னாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள். சந்தேகமாக இருந்தது. “நாளைலேர்ந்து நான் பஸ் ஓட்டப் போறேன், நீ தறிக்குப் போ” என்றாள். தம்பி தலையாட்டினான்.

அக்கா சிரித்த சிரிப்பில் கட்டிலில் இருந்தவள் டிவி மயக்கத்திலிருந்து விழித்துக்கொண்டாள். கையை நீட்டி ரிமோட்டை எடுத்து அணைத்தாள். “காது இருந்து என்ன பண்றது? எங்களுக்கும் இருக்கறது அதே கண்ணுதானே” என்றாள். “சொல்லுங்க அண்ணி. முதல்ல சொன்னீங்களே, அது.”

அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அக்கா சொன்னாள். “உங்க அம்மா இருக்கற வரைக்கும் நான் அந்த ரூம்லயே இருக்கேன். எனக்கு அது பிடிச்சிருக்கு. அவங்க ஊருக்குப் போனதும் வரேன். நீ மறுபடி கடை வேலைக்குப் போறப்ப குழந்தையை நான் பாத்துக்கறேன். ஷெட்டுல சாயங்கால ஷிப்ட் கேட்டு வாங்கிக்குவேன்.”

மாமியார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “தப்பா நினைக்காதீங்க. குழந்தை அழுதா உங்களுக்குக் கேக்காதே.”

“கேக்காது” என்றாள் அக்கா. “அதையும் யோசிச்சேன். அது தூங்கறப்ப அது பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். வேற வேலை எதுவும் வெச்சுக்க மாட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியலை.”

பெண் குழந்தை பிறந்தது. மாமியார் இருந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி கடைக்குத் திரும்பிப் போகவேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், தொட்டிலுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மனசுக்குள் இருந்த பயத்தை அவள் வெளியே சொல்லவில்லை. குழந்தையின் உடுப்பை மடித்துக்கொண்டு, நாளைக்கு எதை எங்கே எடுக்கவேண்டும் என்று முகத்தை நேராக வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று பேச்சின் நடுவில் எழுந்துவிட்டாள்.

“என்ன அண்ணி?”

அக்கா பதில் சொல்லாமல் குனிந்தாள். தொட்டிலுக்குள் குழந்தையின் புருவம் சுருங்கியிருந்தது. கீழுதடு பிதுங்கி, லேசாக நடுங்கி, வாய் மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருந்தது. சத்தம் இன்னும் வரவில்லை. அக்கா இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வந்தது தெரியாமலேயே அவள் தட்டிக்கொண்டிருந்தாள். மடித்த உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் அம்மா அந்த அழுகை அடங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.